அக்கா எடுத்த தலைப்பு

கரையான்சாவடியில் ரிப்பன், வளையல் விற்கும் கடைக்காரர் ஒருவர், அக்கா படியேறுவதைப் பார்த்தாலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நின்றபடி அவளுக்கு வியாபாரம் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"இன்னாம்மா, ரிப்பன் வாங்க வந்துகீறியா, ரிப்பனுக்கு மாப்ள பாக்க வந்துகீறியா?" என்பார்.

அக்கா சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். இரண்டு நீல ரிப்பன்களை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவாள். விரலில் சுற்றிப் பார்ப்பாள். ஓரம் பிரிகிறதா என்று நகத்தால் நெருடுவாள். எனக்கு இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். அரை மணி கழித்து ஒன்றை நீட்டுவாள். அதற்குள் நான் எனக்கு வேண்டியதை வாங்கி, தலையில் கட்டி, அது வேண்டாமென்று முடிவும் செய்திருப்பேன். அவள் மட்டும் எடுத்த பிறகு ஒருநாளும் "அதை எடுத்திருக்கலாமோ" என்று சொன்னதில்லை.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்குப் பக்கத்து வீடு. என்னைவிட மூன்று வயது பெரியவள். அவள் அப்பா பூந்தமல்லிப் பக்கத்துக்காரர், அம்மா திருநெல்வேலிப் பக்கம். அந்த அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எங்கள் வீட்டுச் சுவருக்குக் கேட்கிற மாதிரி புலம்புவார்.

"இவள தக்காளி வாங்க அனுப்புனா, இவ ஒண்ணு எடுக்கதுக்குள்ள சாம்பாரு கொதிச்சு ஆறிரும். எவன் வந்து கட்டப் போறானோ, அவன எத்தன வருசம் நிறுத்தி வச்சுப் பாக்கப் போறாளோ!"

அக்கா உள்ளேயிருந்து, "அழுகலா எடுத்துட்டு வந்தா மட்டும் திட்ட மாட்டியா?" என்பாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பார்க்கிறவள். அவள் நம்மைப் பார்க்கும்போது ரவிக்கையில் ஒரு கொக்கி விட்டுப்போயிருக்கிறதோ என்று தோன்றும். ஒருமுறை எங்கள் வீட்டு வரிசைப் பையன்கள் பந்தடித்து ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அப்போது வெளியில் நின்றவள் அவள் ஒருத்திதான். இரண்டு பையன்களின் அம்மாக்களும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "கண்ணாடி விழுந்தத பாத்தேன். யாரு அடிச்சான்னு பாக்கல" என்றாள். ஒருவர் பேரைச் சொல்லியிருந்தால் ஒரு வீடாவது அவளிடம் பேசியிருக்கும். இரண்டு வீடும் ஒரு மாதம் பேசவில்லை.

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் பச்சைக் கதவு, எட்டுக்கும் இடப்பக்கம் குழாய், உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் சட்டை மாட்டும் ஆணி. ஊருக்கு ஊர் வேறு வேறாகப் பிறந்தவர்களை அரசாங்கம் ஒரே அச்சில் குடிவைத்திருந்தது. அதனால் எங்களிடையே ஒரு தவறு சகஜம். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் தூக்கக் கலக்கத்தோடு வரும் ஆண்கள் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். ஒருவர் மூன்றாவது வீட்டில் உட்கார்ந்து நான்கு இட்லி தின்றுவிட்டு, சட்னியில் உப்பில்லை என்று சத்தம் போட்ட பிறகுதான் அது தன் மனைவி இல்லை என்று கண்டார். இந்த மாதிரி ஒன்று நடந்தால் வரிசை ஒரு வாரம் சிரிக்கும். பிறகு அடுத்தவர் நுழைவார்.

என் அப்பாவும் ஒருநாள் நுழைந்தார். சைக்கிளை அக்கா வீட்டுச் சுவரில் சாய்த்தார். சட்டையைக் கழற்றி அவர்கள் ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றார். அக்காவின் அம்மா அடுப்படியிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்பாவும் கையை நீட்டினார். அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. அக்கா டம்ளரை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள்.

வரிசை வழக்கம்போல் சிரித்தது. "அண்ணாத்தே, நம்மூட்டுக்கு எப்ப வரப் போற? சொல்லிட்டு வா, கறி எடுக்கிறேன்" என்று குழாயடியில் அப்பாவைக் கிண்டல் செய்தார்கள். அப்பாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்த விஷயம் அன்றைக்கு அவளுக்கும் தெரிந்துவிட்டது. சர்க்கரை நோயால் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. லேத்தில் வேலை. கண் போனது தெரிந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அப்பா நம்பினார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போவார், வருவார். கேட்டால் காலுக்கு நல்லது என்பார்.

மறுநாள் மதியம், அப்பா ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா ஓர் உடைந்த கடப்பைக் கல்லைத் தூக்க முடியாமல் புரட்டிப் புரட்டி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தாள். பாதையில் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒரு அடி நகர்த்தினாள். பிறகு எங்கள் சுவரோரம் நின்ற அப்பாவின் சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு வரிசையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். முன் சக்கரம் கல்லில் ஏறி டக்கென்று இறங்கியது. அவளுக்குத் திருப்தியில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வந்தாள். வெயில் இறங்கும்வரை கல்லையும் தன்னையும் நகர்த்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக் கல்லைப் பாதி புதைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அதன் பிறகு அப்பா வேறு வீட்டுக்குள் போகவே இல்லை. சக்கரம் டக்கென்றால் வீடு.

இரண்டு நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார். தொட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று என் தலையில் கை வைத்தார். "நீதான வெச்ச, அந்தக் கல்ல?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரிடமும் சட்டென்று வாய் வராது, அப்பாவிடம் இன்னும் வராது. தலையில் அந்தக் கை இருந்தது. பேசாமல் நின்றேன். "நல்ல புத்தி" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். அன்றிலிருந்து கல் நான் வைத்ததாகிவிட்டது.

அடுத்த வருடம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். மதிப்பெண் சுமார்தான். நகரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு கல்லூரியில் சேர அவளுக்கு ஆசை. அந்த விண்ணப்பத்தில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே, "உன் மனதை மாற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொந்தக் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதுக" என்று அச்சடித்திருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வழி என்று பேச்சு.

அக்காவின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "சீட்டு கெட்ச்சா படி. இல்லாங்காட்டி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போ. ரெண்டும் இல்லாம ஊட்ல குந்திகினு கீறது ஆவாது." அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் காலையில் எங்கள் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

பக்கத்தை நிரப்ப வரிசை முழுக்க உதவிக்கு வந்தது. அவள் அம்மா, "ஒனக்கு மஞ்சக்காமால வந்து ஆண்டவரு சொகமாக்குனாருல்லா, அத எழுது" என்றார். அவள் அப்பா, எஸ்டேட்டுக்குப் போகாமல் தப்பிக்கப் பார்ப்பதையே எழுதச் சொன்னார். கடைசி வீட்டு மாமா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இது ராசியான கட்டுரைம்மா. காப்பி பண்ணிட்டுக் குடுத்துரு. கிழிச்சிடாத, இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க."

அது, ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்கு நடுவில் நின்ற ஒரு குழந்தையைப் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றிய கதை. மாமா தன் மகளுக்காக எழுதியது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருடம் இரண்டாவது வீட்டுப் பெண்ணும், அதற்கடுத்த வருடம் பின் வரிசைப் பெண் ஒருத்தியும் அதே குழந்தையைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கும் கிடைத்தது.

அக்கா தாளை முழுக்கப் படித்தாள். மடித்தாள். "குழந்தை பொண்ணா பையனான்னே இதுல இல்லையே மாமா" என்றாள்.

"அது எதுக்கும்மா? காப்பாத்திட்டோம்ல!"

"தூக்குனவளுக்குத் தெரிஞ்சிருக்குமே."

மாமா தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ரிப்பனைப் பார்ப்பதுபோல அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் போனது. விண்ணப்பம் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது, குழாயடியில் என் குடத்தைத் தூக்கிவிட வந்தவள் தூக்கவில்லை.

"உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளுக்கா."

"உங்கப்பா அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தாரில்ல. அதையும் அந்தக் கல்லையும் எழுதலாமான்னு பாக்கறேன்."

"வேற இல்லையாக்கா?"

"எல்லாம் பாத்துட்டேன். மஞ்சக்காமாலை வந்தப்ப நான் தூங்கிட்டிருந்தேன், என்ன மாறிச்சுன்னு தெரியல. இது ஒண்ணுலதான் எனக்கு ஏதோ ஆச்சு. அவரு கை டம்ளருக்குப் போகலன்னு பாத்தேன் பாரு, அப்ப. ஆனா இது உங்க வீட்டு விஷயம். அதான் கேக்கறேன். பேரு போட மாட்டேன்."

நான் குடத்தின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் குழாயை மூடவில்லை.

"வேணாம்க்கா" என்றேன். "அப்பா வேலை போயிடும்."

அது பொய் இல்லை. பெயர் போடாவிட்டாலும், ஆவடி, லேத், கண் என்றால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று பயமிருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்தது வேலை இல்லை. தலையில் இருந்த கைதான் வந்தது. கட்டுரையில் அக்கா, கல்லைத் தான் வைத்ததாக எழுதுவாள். அது எப்படியாவது சுற்றி அப்பாவின் காதுக்கு வந்துவிடும்.

எதையும் அரை மணி யோசிக்கிற அக்கா அன்று யோசிக்கவே இல்லை. "சரி" என்றாள். குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். குழாயை மூடிவிட்டுப் போனாள்.

கடைசி நாள் காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதினாள். அவள் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். தண்ணீர் லாரி வராத ஒரு வாரத்தைப் பற்றி எழுதினாள். எனக்குப் படிக்கக் கொடுத்தாள். பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் இருந்தது. ஆனால் அதை எங்கள் வரிசையில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். "நல்லாருக்குக்கா" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தாளை மடித்துக் கொடுத்தேன்.

கல்லூரியில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. ஐந்தாவது வீட்டுப் பெண்ணின் பெயர் இருந்தது. ரயில்வே கேட்டுக் குழந்தை நான்காவது முறையாகப் பிழைத்திருந்தது.

அடுத்த மாதமே அக்கா வேனில் ஏறினாள். எஸ்டேட்டில் சிறிய மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கம்பெனி. ஒரே வருடத்தில் சுற்றுகிற வேலையிலிருந்து மாற்றி, சுற்றியதைச் சரிபார்க்கிற மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே அவளை அவசரப்படுத்த ஆளில்லை. பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத்தான் சம்பளம். "இவ பாக்குறதுக்கும் ஒருத்தன் துட்டு குடுக்கிறாம் பாரேன்" என்று அவள் அம்மா குழாயடியில் பெருமையாகத் திட்டினார்.

அந்த வருடக் கடைசியில் தொழிற்சாலையில் எல்லாருக்கும் கண் பரிசோதனை வந்தது. அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. டாக்டர் பார்த்தார், எழுதினார். அப்பாவை லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் கனமில்லாத வேலையாகப் போட்டார்கள். வீடு போகவில்லை, சம்பளம் போகவில்லை. அம்மா பாயசம் வைத்தாள். பக்கத்து வீட்டுக்கு என்னிடம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். கிண்ணத்தை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதன் பிறகு அவள் வேன் திரும்பும் நேரத்தில் நான் வாசலுக்கே வந்ததில்லை. இப்படியே அவர்கள் வீடு மாற்றிப் போகும்வரை கழித்துவிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்று, தையல் கற்று, கல்யாணமாகிச் சென்னீர்குப்பம் போய்விட்டேன். அப்பா ஓய்வு பெற்று சேக்காட்டில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கண் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டிருந்தது. அவரைப் பார்க்க வந்த ஒரு நாள், ஆவடி பஸ் நிலையத்தில் ஒருவர் என் பையைத் தொட்டார். அக்கா. ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எப்படி இருக்கிறாய், எத்தனை குழந்தை, எல்லாம் கேட்டாள். நான் பதில் சொன்னேன். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எழுத வேணாம்னு சொன்னேன் பாரு, அது அப்பா வேலைக்காக மட்டும் இல்ல."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கல்லு வெச்ச அந்த வாரமே உங்கப்பா எங்க வாசல்ல நின்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு. தூக்கக் கலக்கத்துல நான் வீடு மாறிப் போகாம இருக்க எம் பொண்ணு வாசல்ல ஒரு கல்லு போட்டு வெச்சிருக்கா, புத்திய பாருப்பான்னு. நான் உள்ள அரிசி பொறுக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சே ஏன்க்கா என்ன கேட்ட?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். வேலை விஷயம் மட்டும்னா நேரா உங்கப்பாவையே கேட்டிருப்பேன். கல்லு உன்னுதுன்னு ஆயிடுச்சு. அத எடுத்துக்கலாமான்னு உன்னத்தான கேக்கணும்?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்பத்தூர் பஸ் வந்தது. "வர்றேன்டீ" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

சேக்காட்டுக்கு நடந்தே போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன். கல்லை நான் வைக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா வைத்தாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று. கட்டுரையைப் பற்றியும், அவளுக்கு இடம் கிடைக்காததைப் பற்றியும் சொன்னேன்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்ப அவள பாத்தியாம்மா?" என்றார்.

"ம்."

"பாக்க எப்படி இருக்கா?"

சொல்ல வாயைத் திறந்தேன். கால் மணி நேரம் அவள் எதிரில் நின்றிருந்தேன். மெலிந்திருந்தாளா, பெருத்திருந்தாளா, கண்ணாடி போட்டிருந்தாளா, என்ன நிறப் புடவை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் செருப்பைத்தான் பார்த்திருந்தேன். அதில் ஒரு வார் அறுந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது.